வெள்ளிக்கிழமை மாமா

இடைவேளை முடிந்து தியேட்டரில் விளக்கை அணைத்த நேரம். பெரம்பலூருக்குப் பிள்ளைகள் படம் வருவதே அபூர்வம். தமிழில் பேசுகிற கார்ட்டூன் படம் என்றதும், முழுப்பரீட்சை லீவில் நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம். ஊரையே நடுங்கவைக்கிற ஒரு கொள்ளைக்காரன். அவன் வீட்டுக்குள் வழிதவறி வந்து தங்கிவிடுகிற பிள்ளைகள். முதலில் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு துரத்தியவன், போகப் போக அதுகளுக்குப் பல் தேய்த்துவிட்டு, சடை பின்னிவிட்டு, தூங்குவதற்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு இடத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஆறு வயசுச் சின்னவள் என் காதில் வாயை வைத்து, "அம்மா, நம்ம மாமாவும் மொதல்ல இப்படித்தான் மொறைச்சுக்கிட்டே இருந்தாரு. இப்ப நல்லவராயிட்டாரு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பிள்ளைகள் மாமா என்று உரிமையோடு சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் இருக்கிறான், என் கூடப்பிறந்த அண்ணன். அவன் முகத்தை நான் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் பிள்ளைகள் அவனைப் பார்த்ததே கிடையாது என்றுதான் அந்த நிமிஷம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். "எந்த மாமாடி?" என்றேன். "வெள்ளிக்கிழமை மாமாம்மா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. ஒன்பது வயசுப் பெரியவள் சட்டென்று எட்டித் தங்கச்சியின் வாயைப் பொத்தினாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் எல்லாரும் சிரிக்கிற கட்டம் ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். மிச்சப் படம் என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரிகள் ஐந்தாறு அவனுக்கு ஓடுகின்றன. லாரிக்காரன் என்பது பிறகு வந்த பெயர். அதற்கு முன்னாலேயே அடிதடிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டான். யாராவது யாரையாவது மிரட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிட்டுப் போவார்கள். அவன் வண்டிச் சத்தம் கேட்டால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். எங்கள் தெருவில் பெண்கள் அவன் மீசையைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள். "திங்கிறியா, அந்த மீசைக்காரனைக் கூப்பிடவா?" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், மிச்சச் சோறு தானாக இறங்கிவிடும். சின்ன வயசில் எனக்கு அது பெருமையாக இருந்தது. என் அண்ணன், யாரும் என்னை ஏறெடுத்துப் பார்க்க முடியாது என்று திமிராகத் திரிந்தேன். அந்தத் திமிருக்குத்தான் பின்னால் வைத்துச் செய்தான்.

நான் கட்டிக்கொண்டவர் வேற சாதி. அவங்க தாத்தா காலத்தில் எங்கள் ஆட்களின் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். இவர் படித்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாலாம் நாள், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, அண்ணன் இரண்டு பேரோடு கடைக்கு வந்தான். நான் உள்ளே சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக்குக் குறுக்கே போடுகிற கட்டையை எடுத்து அவரை அடித்தான். அவர் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். வலது தோளுக்குக் கீழே விழுந்த அடியின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அடித்துவிட்டுக் கட்டையைப் போட்டுவிட்டுப் போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே நாங்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினோம். கேஸ் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எங்கோ ஒரு நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கை இன்றைக்கும் நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பாது. தலையை வாருவது, சட்டை மாட்டுவது எல்லாம் இடது கையில்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஊர்ப்பக்கம் வந்து பெரம்பலூரில் கடை போட்டோம். நான் ஒரு பத்திரம் எழுதுகிற ஆபீஸில் டைப் அடிக்கப் போகிறேன். பிள்ளைகள் பேசத் தொடங்கியதும், "அப்பா கை ஏன் இப்படி?" என்று கேட்டார்கள். பிஞ்சு மனசில் இதையெல்லாம் ஏற்றக் கூடாது என்று, "சின்னப் புள்ளையில மாமரத்துலேர்ந்து விழுந்துட்டாங்க" என்று சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டார். வீட்டில் மாமன் என்கிற பேச்சையே எடுக்கவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் காது குத்தவும் இல்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் இல்லையென்றால் முறைக்கு யாராவது ஒருத்தர் உட்காரலாம், அது தப்பில்லை. எனக்குத்தான் வீம்பு. அவன் மடி இருக்க இன்னொருத்தன் மடியைத் தேடணுமா, என் பிள்ளைகள் காது மூளியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது யார் மேல் காட்டிய கோபம் என்று அப்போது யோசிக்கவில்லை.

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். சின்னவள்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். நான் ஆபீஸ் விட்டு வரும்வரை பிள்ளைகள் கடையில்தான் இருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா டீ குடிக்கப் போயிருந்தபோது, பெரிய மீசை வைத்த ஒரு ஆள் உடைந்துபோன போனோடு வந்து நின்றிருக்கிறான். சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அங்கே போய்விட்டுத் திரும்புகிற வழி. அது யார் கடை என்று அவனுக்குத் தெரியாது. "கடைக்காரன் எங்கே?" என்று அதட்டினானாம். சின்னவள் அசரவில்லை. "அப்பா டீ குடிக்கப் போயிருக்கு. உக்காருங்க மாமா, இதைக் கொஞ்சம் புடிங்க" என்று கோந்து டப்பாவைக் கையில் கொடுத்திருக்கிறாள். வருகிற கஸ்டமரை எல்லாம் மாமா என்பதுதான் அவளுக்கு வழக்கம். பள்ளிக்கூடத்தில் 'நமக்கு உதவுவோர்' என்று படம் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்க்கும்போது, பதினாறு ஊரை மிரட்டிய என் அண்ணன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலெல்லாம் கோந்தாக, ஒரு போலீஸ்காரர் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தானாம். "அப்பா, இந்த மாமா போலீசைத் தலைகீழா ஒட்டிட்டாரு" என்று இவள் புகார் வேறு சொல்லியிருக்கிறாள்.

இரண்டு ஆண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அண்ணன் இவள் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தானாம். நான் சின்ன வயசில் இருந்த முகம் அப்படியே அவளுக்கு. போனைக்கூட மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்த வெள்ளி போனை வாங்க வந்தான். அதற்கடுத்த வெள்ளி எதற்கு வந்தான் என்று யாருக்கும் தெரியாது. பிறகு நிறுத்தவே இல்லை. எட்டு மாசம்! எட்டு மாசமாக வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் நடந்திருக்கிறது.

"உங்க மேல நாத்தம் அடிக்குது, தள்ளி உக்காருங்க" என்று சின்னவள் சொன்ன நாளிலிருந்து அவன் குடிப்பதில்லையாம். மீசை குத்துகிறது என்றதும் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து நின்றானாம். அவன் லாரி ஒன்று பள்ளிக்கூட வேனை உரசுகிற மாதிரி முந்திப்போனதைப் பெரியவள் சொன்னாள் என்று, அடுத்த வாரமே டிரைவர்களைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் உருட்டிக்கொண்டுதான் போகணும் என்று சொல்லிவிட்டானாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இரண்டு மாசம் முன்பு ஆண்டிமடத்துக்கு ஒரு பத்திர வேலையாகப் போனபோது, எதிரே வந்த டிப்பரின் நெற்றியில் என் இரண்டு பொண்ணுங்க பேரும் ஜிகினா எழுத்தில் பளபளத்தது. அட, யாரோ நம்ம பிள்ளைங்க பேரையே வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுப் பஸ்ஸிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பைத்தியக்காரி நான்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு, "உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று அவரிடம் அடிக்குரலில் சீறினேன். "கையை ஒடிச்சவனைக் கடையில உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்திருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா?"

"எனக்குக் கோவம் போயிருச்சுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார், குரலை உயர்த்தாமல். "முதல் நாளு வெரட்டத்தான் போனேன். புள்ள அவர் மடியில காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. எப்படி வெரட்டுறது?"

"அவன் மன்னிப்புக் கேட்டானா?"

"கேக்கல."

"கையைப் பத்தி?"

"அதைப் பத்திப் பேச்சே வரல. விடேன்."

விடேன் என்றால் எப்படி விடுவது? அன்று ராத்திரி பூராவும் அந்தப் படம்தான் மனசில் ஓடியது. கொள்ளைக்காரன் திருந்தினான், பிள்ளைகள் கட்டிக்கொண்டார்கள், எல்லாரும் ஆடிப் பாடினார்கள், சரி. அவனிடம் கொள்ளை கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை ஒரு இடத்தில்கூடக் காட்டவில்லையே. நானும் அதைக் கேட்காமல் சிரித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் இருப்பவனுக்கு ஒன்றரை மணி நேரத்தில் மன்னிப்பு கொடுத்துவிட்ட எனக்கு, சொந்த அண்ணனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மனசு வரவில்லை. இனி அவன் கடைப்பக்கம் வந்தால் நான் பிறந்த வீடு இல்லாதவள் மாதிரி புகுந்த வீடும் இல்லாதவளாகக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. பிள்ளைகள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று புதுசாகக் காது குத்தி, ஜிமிக்கி மாட்டிக்கொண்டு வந்து, "உனக்கு மாமா இல்லையா?" என்று கேட்டிருக்கிறது. "எனக்கும் மாமா இருக்காரு, எங்கம்மாதான் வரக் கூடாதுன்னுட்டாங்கன்னு சொன்னேன்" என்றாள். நான் சமாதானம் சொல்லக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். "மாமா நல்லவராயிட்டாரு. இப்ப நீதான்மா வில்லன்." செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடித்தவன் நல்லவன், அடி வாங்கியவர் நல்லவர், நடுவில் நான் வில்லன்! மறுநாள் காலையில் அவரிடம், "காது குத்தி முடிச்சிருவோம். சின்னவளுக்கு மட்டும். அவன் வரட்டும், உக்காரட்டும், போகட்டும். நான் பேச மாட்டேன்" என்றேன்.

சிறுவாச்சூர்க் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவன் சீர்த்தட்டோடு தனியாக வந்தான். அவனுக்கு வாய்த்த பெண்டாட்டி இரண்டாம் வருஷமே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதால் தட்டைத் தூக்கக்கூட ஆளில்லை. அந்தப் பெரிய மீசை இல்லாமல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "நல்லாருக்கியாம்மா?" என்றான். நான் சின்னவளிடம், "மாமாகிட்ட, சாப்பிட்டுட்டு வந்தாரான்னு கேளு" என்றேன். அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டு அவனிடம் கேட்க, அவன் அவளிடம் பதில் சொல்ல, இப்படியே அரைமணி நேரம் போனது. அவர் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் அவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டான், அவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மாமனை மனையில் உட்காரவைக்கும் முன் பிள்ளையின் அப்பா அவனுக்கு மாலை போடவேண்டும். அது முறை. என் வீட்டுக்காரர் மாலையை இரண்டு கையிலும் வாங்கித் தூக்கினார். அண்ணன் நல்ல உயரம். இடது கை மேலே போனது, வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. மாலை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. அவர் திரும்பவும் எக்கிப் பார்த்தார். எட்டவில்லை. அண்ணன் சிரித்தான். கேலி பண்ணுகிற முறை அவனுக்கு இருக்கிறது, மச்சினன்தானே. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாப்ள, மாமரம் ஏறுன கைக்கு என் கழுத்து எட்டலையா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மாமரமா? அவன் நக்கல் பண்ணவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துபோனது, அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. நான் பிள்ளைகளுக்குச் சொன்ன பொய்யைப் பிள்ளைகள் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவனும் நம்பிவிட்டான். பன்னிரண்டு வருஷமாக அவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்த கணக்கில்தான் இருந்திருக்கிறான். அந்தக் கை அவன் உடைத்தது என்று தெரியாமலேயே நல்லவனாகிவிட்டான்! என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். என் வாய் கேட்கவில்லை.

"அது மரத்துலேர்ந்து விழுந்த கை இல்லண்ணே. நீ கட்டையால அடிச்சு ஒடிச்ச கை."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். பக்கத்தில் வேறு யாரோ வீட்டு விசேஷத்துக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்தக் கையையே பார்த்தான். பிறகு குனிந்தான். மாலைக்குக் குனிந்தானா, நிற்க முடியாமல் குனிந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு உயரத்தில் நின்ற அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொண்டுவந்து வைத்தான். அவர் மாலையைப் போட்டுவிட்டார். போட்ட பிறகும் அவன் நிமிரவில்லை.

"மாமன் யாருங்க? உக்காருங்க, அடுத்த ஆளு காத்திருக்காங்க" என்றார் காது குத்துகிற ஆசாரி. "நான் உக்கார மாட்டேம்மா. வேற யாரையாச்சும் உக்கார வச்சுக்குங்க" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. சின்னவள் ஏற்கெனவே மனைப் பக்கத்தில் போய் நின்று, "மாமா, வாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று கூப்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது ஓடப் பார்க்கிறானே என்று இருந்தது. "உக்காருண்ணே" என்றேன். உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தும் தொடப் பயந்துகொண்டு கையை அந்தரத்தில் வைத்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் துள்ளினாள். "கெட்டியாப் புடி! அன்னைக்கு இருந்த பலம் இன்னைக்கு எங்க போச்சு?" என்று கத்தினேன். பிடித்துக்கொண்டான். பிள்ளைக்கு முன்னால் அவன்தான் அழுதான்.

எல்லாம் முடிந்து இலை போடும்போது பெரியவளைக் காணோம். அவள் அண்ணன் முன்னால் போய் நின்றிருந்தாள். "அடிச்சா வலிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்று கேட்டாள். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் அவனிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "எனக்குக் காது குத்தறப்போ நீங்க வேணாம். அப்பா கை உங்க கழுத்துக்கு எட்டுறப்போ வாங்க" என்று சொல்லிவிட்டு என்னிடமும் வந்தாள். "நீயும் பொய் சொன்னல்ல?" என்றாள்.

திங்கட்கிழமை காலை அண்ணன் காரோடு வாசலில் நின்றான். "மாப்ள, கெளம்புங்க, திருச்சிக்குப் போவோம்." எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகிவிட்டது, முழுசாக வராது, தினமும் பயிற்சி செய்தால் கொஞ்சம் ஏறலாம் என்றார். அன்றிலிருந்து அவன் வெள்ளிக்கிழமை மாமா இல்லை, வாரத்தில் மூன்று நாள் வருகிறான். என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்று கையைத் தூக்குவார், வலியில் முகம் கோணும். அண்ணன் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்குவான். நான் அவனுக்குச் சோறு போடுகிறேன், திட்டிக்கொண்டேதான் போடுகிறேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பெரியவள் மட்டும் அவன் வந்தால் உள்ளே போய்விடுவாள். இப்படியே ஏழு மாசம் ஓடிவிட்டது.

போன வாரம் அவர் கையைத் தூக்கியபோது, அவள் எங்கிருந்தோ பென்சிலோடு வந்தாள். விரல் நுனி தொட்ட இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டாள். அண்ணனைச் சுவரோடு நிற்கவைத்து அவன் கழுத்துக்கு ஒரு கோடு போட்டாள். இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"இன்னும் நாலு விரல் இருக்கு மாமா" என்றாள்.